நம் தலைக்கு மேலே திசை மாறும் காற்று: சிங்கப்பூர் பலூனை உலகம் ஏன் கவனிக்கிறது?

பாய லேபாரை ஒட்டிய கிம் சுவான் சாலையில் சிங்கப்பூர் வானிலை ஆய்வகத்தின் மேல்வளி ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கிருந்து தினமும் இரண்டு பலூன்கள் வானில் ஏறுகின்றன. காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

பலூனுக்குக் கீழே, நீண்ட நூலில், ஒரு சின்னக் கருவி தொங்கும். வெப்பநிலை, ஈரப்பதம், தான் இருக்கும் இடம் ஆகியவற்றை அது விடாமல் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும், பலூன் உப்பும். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்துவிடும். அதற்குள் காற்று அதை எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் தள்ளிக்கொண்டு போனது என்பதை வைத்து, ஒவ்வோர் உயரத்திலும் காற்று எப்படி வீசுகிறது என்று கணக்கிட்டுவிடுவார்கள்.

"நாளைக்கு மழை வருமா வராதான்னு பார்க்கத்தானே இதெல்லாம்?"

அதற்கும்தான். ஆனால் அந்தப் பயணத்தின் பிற்பாதியில், 16 கிலோமீட்டருக்கு மேலே கிடைக்கும் எண்களுக்கு உலகச் சந்தையில் தனி மவுசு உண்டு.

அந்த உயரத்தில் மழை கிடையாது, பயணிகள் விமானம் கிடையாது. உலகைச் சுற்றி ஓடும் காற்று மட்டும்தான். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலம் அது மேற்கு நோக்கி ஓடும். பிறகு மெதுவாகி, நின்று, திரும்பி, கிழக்கு நோக்கி ஓடத் தொடங்கும். அப்புறம் மறுபடி மேற்கு. ஒரு முழுச் சுற்றுக்குச் சராசரியாக 28 மாதங்கள்.

இதன் பெயர் குவாசி-பையெனியல் ஆசிலேஷன். 'ஏறக்குறைய ஈராண்டுக்கு ஒருமுறை ஆடும் ஊசல்' என்று பொருள். விஞ்ஞானிகளே கியூபிஓ என்று சுருக்கித்தான் சொல்கிறார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பூமத்திய ரேகையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் இந்தக் காற்று ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வீசும். அதனால் ஓர் இடத்தில் ஒழுங்காக அளந்தாலே போதும். 1953இல் பசிபிக் பெருங்கடலில் இருக்கும் கேன்டன் தீவில் அந்தப் பதிவு தொடங்கியது. 1967இல் மாலத் தீவுகளின் கான் தீவுக்கு மாறியது. 1976இலிருந்து சிங்கப்பூர். இந்த மூன்றையும் கோத்து ஒரே தொடராக்கிப் பல்லாண்டுகளாகப் பராமரித்தது பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகம். இன்று உலகில் எந்தப் பாடப்புத்தகத்தில் கியூபிஓ வரைபடத்தைப் பார்த்தாலும், அதன் பெரும்பகுதி நம் தீவிலிருந்து ஏறிய பலூன்கள் போட்ட கோடுதான்.

எரிமலைத் தூசு காட்டிய முதல் துப்பு

கதை தொடங்கியதும் நம் அக்கம்பக்கத்தில்தான். 1883 ஆகஸ்ட் 27ஆம் தேதி, ஜாவாவுக்கும் சுமத்ராவுக்கும் நடுவே கிரக்கத்தோவா எரிமலை வெடித்துச் சிதறியது. தூசும் வாயுவும் மழை மேகங்களைத் தாண்டி மிக உயரத்துக்குப் போயின. அங்கே போனவை சும்மா இருக்கவில்லை. பூமத்திய ரேகையை ஒட்டி, கிழக்கிலிருந்து மேற்காக, ஏறக்குறைய இரண்டே வாரத்தில் உலகை ஒரு சுற்றுச் சுற்றிவந்தன. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் அதிக வேகம்!

செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனை ஆராய்ந்து எழுதியே வைத்தார். அந்த நிறத்துக்குக் காரணம் கிரக்கத்தோவா தூசு என்பது பின்னர் தெரியவந்தது. ஹொனலுலுவில் இருந்த செரினோ பிஷப் என்ற பாதிரியார், எந்த ஊரில் எந்தத் தேதியில் வானம் நிறம் மாறியது என்று தேடித் தொகுத்துப் புகையின் பாதையைக் கண்டுபிடித்தார். செயற்கைக்கோளும் இல்லை, கணினியும் இல்லை. கடிதங்களையும் செய்தித்தாள்களையும் வைத்தே அந்த மனிதர் மேல்வானக் காற்றை அளந்துவிட்டார்!

ஆக, பூமத்திய ரேகைக்கு மேலே காற்று மேற்கு நோக்கி ஓடுகிறது என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். 1908இல் ஜெர்மானியரான ஆர்தர் பெர்சன், கிழக்காப்பிரிக்காவுக்குப் போய் பலூன்களைப் பறக்கவிட்டார். அவருக்குக் கிடைத்த பதில் நேரெதிர்: கிழக்கு நோக்கி ஓடும் காற்று.

யார் சொல்வது சரி? இரண்டும் சரி. பார்த்த ஆண்டுதான் வேறு. ஆனால் அது புரிய அரை நூற்றாண்டு ஆனது. 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் ரிச்சர்ட் ரீடும் பிரிட்டனில் எப்டனும் தனித்தனியே பலூன் பதிவுகளை ஆண்டுக்கணக்கில் அடுக்கிப் பார்த்தபோதுதான், காற்று முறைவைத்துத் திசை மாறுவது தெரிந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. புதிய திசை முதலில் உச்சியில்தான் தோன்றும். பிறகு மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வீதம் கீழே இறங்கிவரும். மின்தூக்கி போல. ஒன்று கீழ்த்தளத்துக்கு வந்து சேரும்போது எதிர்த்திசைக் காற்று மேல்மாடியில் தயாராக நிற்கும்.

சும்மா நின்றாலும் மணிக்கு 1,670 கிலோமீட்டர்

திசை மாறட்டுமே, அதில் என்ன புதிர் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். புதிர் இருப்பது கிழக்கு நோக்கிய காற்றில்.

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையின் சுற்றளவு ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர். ஒரு நாளில் ஒரு சுற்று என்றால், ஈசூனில் பேருந்துக்காகச் சும்மா நிற்கும் நீங்களே மணிக்கு ஏறக்குறைய 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறீர்கள். லண்டனில் நிற்பவருக்கு அது ஏறக்குறைய 1,040தான். துருவத்தில் பூஜ்யம்.

பூமியில் இதில் ஆக வேகமான இடம் பூமத்திய ரேகை. வேறு எங்கிருந்து காற்று இங்கே வந்தாலும் நம் தரையைவிட மெதுவாகத்தான் வந்து சேரும். நம் பார்வையில் அது பின்தங்கும், அதாவது மேற்கு நோக்கி வீசும். அதனால் மேற்கு நோக்கிய காற்றுக்குக் காரணம் சொல்வது சுலபம்.

ஆனால் சிங்கப்பூருக்கு மேலே 25 கிலோமீட்டர் உயரத்தில், சில மாதங்களில், காற்று தரையையே முந்திக்கொண்டு மணிக்கு 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே ஓடுகிறது. அந்தக் கூடுதல் வேகம் எங்கிருந்து வந்தது? உங்களைவிடக் குறைவாகப் பணம் வைத்திருக்கும் நண்பர்கள் எல்லாரும் தங்கள் பணத்தை உங்கள் பணத்தோடு சேர்த்துச் சமமாகப் பங்கு போட்டால், உங்கள் கையில் இருப்பது குறையுமே தவிர ஏறாது. காற்றும் காற்றும் கலப்பதால் மட்டும் இந்த வேகம் வரவே வராது.

வெளியிலிருந்து யாரோ தள்ளுகிறார்கள். அந்த 'யாரோ' அலைகள்.

தட்டாமாலையும் குட்டிக்கரணமும்

அலைகளுக்குப் போவதற்கு முன்னால், பூமத்திய ரேகை ஏன் தனி உலகம் என்று ஒரு நிமிடம் பார்த்துவிடலாம்.

வடதுருவத்தில் நின்றால், நீங்கள் ஒரு நாளைக்கு ஒரு முறை தட்டாமாலை சுற்றுவீர்கள். நின்ற இடத்திலேயே, உங்கள் உடலையே அச்சாக வைத்து. பூமத்திய ரேகையில் கிழக்கே பார்த்து நின்றால் தட்டாமாலை கிடையாது. நாள் முழுக்க மெதுவாக ஒரு குட்டிக்கரணம் போடுவீர்கள், அவ்வளவுதான். இடைப்பட்ட ஊர்களில் இரண்டும் கலந்திருக்கும்.

காற்றை வளைப்பது அந்தத் தட்டாமாலைப் பங்குதான். கொரியோலிஸ் விளைவு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வடகோளத்தில் ஓடும் காற்று வலப்பக்கம் வளையும், தென்கோளத்தில் இடப்பக்கம். நடுக்கோட்டில் எந்தப் பக்கமும் வளையாது. சிங்கப்பூர் இருப்பது 1.3 டிகிரி வடக்கில். நமக்குக் கிடைக்கும் தட்டாமாலை, துருவத்தில் இருப்பதில் நூற்றில் இரண்டரைப் பங்குகூட இல்லை.

சூறாவளி சுழல்வதற்கு இந்த வளைவு வேண்டும். நம் ஊரில் சூறாவளி அடிப்பதில்லை என்று எல்லாரும் நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே ஒருமுறை அந்த நிம்மதி கொஞ்சம் ஆட்டம் கண்டது. 2001 டிசம்பர் 27ஆம் தேதி, தென்சீனக் கடலில் 1.4 டிகிரி வடக்கில் வாமெய் சூறாவளி உருவாகி, சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஜொகூரில் கரையைக் கடந்தது. ஜொகூரிலும் பஹாங்கிலும் வெள்ளமும் உயிர்ச்சேதமும் ஏற்பட்டன. போர்னியோவை ஒட்டி ஏற்கனவே சுழன்றுகொண்டிருந்த காற்றும், வடக்கிலிருந்து வலுவாகப் பாய்ந்த பருவக்காற்றும் சேர்ந்து, பூமி கொடுக்காத சுழற்சியைக் கடனாகக் கொடுத்துவிட்டன. இப்படி ஒரு சேர்க்கை 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கலாம் என்பது பின்னர் வந்த ஆய்வு ஒன்றின் கணிப்பு.

சரி, அலைக்கு வருவோம். பூமத்திய ரேகை மேல் கிழக்கு நோக்கி ஓடும் காற்று, தப்பித் தவறி வடக்கே விலகினால் என்ன ஆகும்? வலப்பக்கம் வளையும். கிழக்கே ஓடுபவருக்கு வலப்பக்கம் தெற்கு. ஆக, திரும்ப நடுக்கோட்டுக்கே வந்துவிடும். தெற்கே விலகினால் இடப்பக்கம் வளையும், அதாவது வடக்கு. மறுபடி நடுக்கோடு. இரண்டு பக்கமும் சுவர் கட்டிய பெரிய மழைநீர்க் கால்வாய் போல, பூமத்திய ரேகை தன் மேல் ஓடும் அலைகளைச் சிதற விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. சுவர் மட்டும் கண்ணுக்குத் தெரியாது.

இப்படிக் கிழக்கே ஓடும் பெரிய அலைக்கு கெல்வின் அலை என்று பெயர். மேற்கே போகும் அலைகளுக்குக் கணக்கு கொஞ்சம் சிக்கல், ஆனால் அவையும் கால்வாயை விட்டு அதிகம் விலகாது. இந்தக் குடும்பம் முழுவதற்கும் 1966இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஜப்பானிய விஞ்ஞானி தாரோ மட்சுனோ. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பலூன் பதிவுகளில் அந்த அலைகள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. கடலிலும் இதே அலைகள் உண்டு. எல் நினோ வருவதற்கு முன் பசிபிக் பெருங்கடலை மேற்கிலிருந்து கிழக்காக இரண்டு, மூன்று மாதங்களில் கடப்பது கடலுக்குள் ஓடும் கெல்வின் அலைதான்.

கீழே இடி, மேலே அலை

இந்த அலைகளைக் கிளப்புவது யார்? பெரும்பகுதி நம்மைச் சுற்றி இருக்கும் இடிமழை.

மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ், சிங்கப்பூர் எல்லாம் சேர்ந்த இந்த வட்டாரத்தை வானிலை விஞ்ஞானிகள் 'கடல்சார் கண்டம்' என்கிறார்கள். உலகிலேயே அதிகமாக இடிமழை கிளம்பும் இடங்களில் ஒன்று. பிற்பகலில் எழும் மேகம் 16 கிலோமீட்டர் வரைகூடப் போய், மேலிருக்கும் காற்றடுக்கைக் கீழிருந்து முட்டும். மத்தளத்தைக் கீழிருந்து தட்டுவது மாதிரி. ஒவ்வொரு தட்டும் ஒரு சிற்றலையை மேலே அனுப்பும். மேகக் கூட்டங்கள் சேர்ந்து தட்டினால், உலகின் சுற்றளவில் பாதி நீளமுள்ள அலைகள்கூட உண்டாகும். சில கிழக்கே ஓடும், சில மேற்கே ஓடும். எல்லாமே மேலேயும் ஏறும்.

அலை ஓடும்போது தன்னோடு ஒரு தள்ளு விசையையும் எடுத்துச் செல்கிறது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் வரை அதை யாருக்கும் கொடுக்காது. உடையும்போதுதான் கொடுக்கும்.

டெசாரு கடற்கரையில் குளித்திருந்தால் உங்களுக்கே இது தெரிந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத்தான் தண்ணீரில் இறங்குகிறீர்கள். அரை மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டுக் கரையைப் பார்த்தால், "என் செருப்பு எங்கடா?" செருப்பு அதே இடத்தில்தான் இருக்கும், நீங்கள்தான் நகர்ந்திருப்பீர்கள். சாய்வாக வந்து கரையோரத்தில் உடையும் அலைகள், தங்கள் விசையைத் தண்ணீருக்குக் கொடுத்து, கரையை ஒட்டி ஒரு நீரோட்டத்தையே உருவாக்கிவிடுகின்றன. ஆழமான இடத்தில், அலை உடையாத வரை, அந்த நீரோட்டம் கிடையாது.

வானத்திலும் அதேதான் நடக்கிறது. 30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. காற்று மெலிய மெலிய அலை பெரிதாகும், கடைசியில் உடையும். உடையும் இடத்தில் கொந்தளிப்பு ஏற்படும், அலை கொண்டுவந்த விசை அங்கிருக்கும் காற்றுக்குப் போய்ச் சேரும்.

எந்த உயரத்தில் உடையும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

கிழக்கே ஓடும் அலையை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும் வழியில், தன் வேகத்திலேயே கிழக்கே ஓடும் காற்றைச் சந்தித்தால், அலையால் அதற்கு மேல் ஏற முடியாது. நசுங்கி, அங்கேயே உடைந்து, தன் விசையை அந்தக் காற்றுக்குக் கொடுத்துவிடும். கிழக்கு நோக்கிய காற்று இன்னும் வலுக்கும். அலைகள் கீழிருந்து வருவதால் அந்த அடுக்கின் அடிப்பகுதிதான் முதலில் வலுக்கும். அடுத்து வரும் அலை இன்னும் கொஞ்சம் கீழேயே உடையும். இப்படியே அடுக்கு முழுவதும் படிப்படியாகக் கீழே இறங்கும். மாதத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்று பார்த்தோமே, அதன் ரகசியம் இதுதான்.

இதற்கிடையில் மேற்கே ஓடும் அலைகள் என்ன செய்யும்? இந்தக் காற்று அவற்றைத் தடுக்காது. தாராளமாக அதைத் தாண்டி மேலே போய், அங்கே உடைந்து, மேற்கு நோக்கிய காற்றை உருவாக்கும். அந்த அடுக்கும் அதே மாதிரி கீழே இறங்கத் தொடங்கும். கீழே இருந்த பழைய அடுக்கு 16, 17 கிலோமீட்டர் உயரத்துக்கு வந்து கரைந்ததும், கிழக்கே ஓடும் அலைகளுக்கு வழி திறக்கும். மறுபடி முதலிலிருந்து.

1968இல் ரிச்சர்ட் லிண்ட்ஸனும் ஜேம்ஸ் ஹோல்டனும் இந்த விளக்கத்தைச் சொன்னார்கள். அதுவரை பலரும் ஈராண்டுக்கு ஒருமுறை துடிக்கும் ஏதோ ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அப்படி எதுவும் தேவையே இல்லை. இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரட்டும், எப்படி வேண்டுமானாலும் தட்டட்டும். அந்தத் தாறுமாறான தட்டல்களிலிருந்து காற்றே தனக்கு ஒரு தாளத்தை அமைத்துக்கொள்கிறது. எனக்கு இந்தக் கதையில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

"சொல்றது சரி, நிரூபிச்சீங்களா?" நிரூபித்துவிட்டார்கள். 1978இல் ஆலன் பிளம்ப், ஆங்கஸ் மெக்யூவன் இருவரும் ஆஸ்திரேலியாவில் வளைய வடிவத் தொட்டி ஒன்றில் உப்புநீரை நிரப்பினார்கள். கீழே அடர்த்தி அதிகம், மேலே போகப் போகக் குறைவு. தொட்டியின் அடியில் இருந்த சவ்வை மேலும் கீழுமாக மட்டும் ஆட்டினார்கள். இடம், வலம் என்று எந்தப் பக்கமும் தள்ளவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தானாக ஒரு பக்கம் ஓடத் தொடங்கியது. பிறகு நின்று எதிர்ப்பக்கம் ஓடியது. கியூபிஓவை ஒரு தொட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்!

தொட்டி சுழலவில்லை என்பதையும் கவனியுங்கள். திசை மாறுவதற்குச் சுழற்சி தேவையில்லை. அப்படியானால் பூமி சுழல்வதன் பங்கு என்ன? இந்த ஆட்டத்தைப் பூமத்திய ரேகையோடு கட்டிவைப்பது. வேறு இடங்களில் அலை கொடுக்கும் தள்ளலைக் கொரியோலிஸ் வளைவு வடக்கு தெற்காகத் திருப்பிவிடும். அது இல்லாத நடுக்கோட்டில்தான் தள்ளல் முழுவதும் காற்றின் வேகமாக மாறுகிறது.

கொந்தளிப்பு கோடு போடுமா?

காற்றுக் கொந்தளிப்பு என்றதும் நமக்கு 2024 மே மாதம் மியன்மாருக்கு மேலே குலுங்கிய எஸ்கியூ321 விமானம்தான் நினைவுக்கு வரும். அது இடிமேகங்கள் எழும் உயரத்தில், கியூபிஓ காற்றுக்கு வெகு கீழே நடந்தது. கொந்தளிப்பு என்றாலே குழப்பம், சிதைவு என்ற எண்ணம் நமக்குள் பதிந்திருக்கிறது. கோப்பியில் பாலை ஊற்றிக் கலக்கினால் எல்லாம் ஒரே நிறமாகிவிடும், கலைந்த பால் மறுபடி கோடாகப் பிரியாது.

சுழலும் உருண்டையில் இது அப்படியே பொருந்தாது. சின்னச் சுழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிக்கொண்டே போகும். குறிப்பிட்ட அளவு வந்ததும், வடக்கே ஒரு மாதிரி, தெற்கே ஒரு மாதிரி மாறும் கொரியோலிஸ் வளைவு அவற்றைப் பிடித்து அலையாக மாற்றிவிடும். ராஸ்பி அலை என்று பெயர். அதற்குப் பிறகு வடக்கு தெற்காக வளர முடியாது. கிழக்கு மேற்காக நீள்வதுதான் வழி. கலங்கிய குட்டை மாதிரி இருந்தது, பட்டை பட்டையாகப் பிரிந்து ஓடும் காற்றாறுகளாக மாறிவிடும். பீட்டர் ரைன்ஸ் 1975இல் காட்டியது இது.

கண்ணால் பார்க்க வேண்டுமா? வியாழன் கோளின் படத்தை எடுத்துப் பாருங்கள். பூமியைவிட 11 மடங்கு அகலம், ஆனால் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்று. அதன் பட்டைகள் எல்லாம் சுழல்களிடமிருந்து விசையைப் பெற்று ஓடும் காற்றுகள். வியாழனின் பூமத்திய ரேகைக்கு மேலே கியூபிஓவின் ஒன்றுவிட்ட தம்பியும் உண்டு, அதற்கு ஏறக்குறைய நான்கு ஆண்டுகள். சனிக்கோளில் ஏறக்குறைய 15 ஆண்டுகள்.

2016 பிப்ரவரியில் தப்பிய தாளம்

60 ஆண்டுகளுக்கும் மேலாக கியூபிஓ தாளம் தப்பியதே இல்லை. சில சுற்றுகள் 22 மாதம், சில 34 மாதம் என்று முன்பின் இருக்கும். ஆனால் வரிசை மாறாது. வானிலையில் ஓராண்டுக்கு முன்பே கணித்துச் சொல்லக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்றாக இருந்தது.

2015-16 குளிர்காலத்தில் கிழக்கு நோக்கிய காற்று முறைப்படி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. 2016 பிப்ரவரியில் சிங்கப்பூர் பலூன்கள் அனுப்பிய எண்கள் வித்தியாசமாக இருந்தன. ஏறக்குறைய 22 கிலோமீட்டர் உயரத்தில், அந்தக் காற்றின் நடுவிலேயே, மேற்கு நோக்கிய காற்று முளைத்திருந்தது. மேலிருந்து இறங்கி வரவில்லை. நடுவில் புகுந்துவிட்டது. எந்தக் கணினி முன்னுரைப்பிலும் அது இல்லை.

காரணம் வடக்கிலிருந்து வந்தது. குளிர்காலத்தில் நடு அட்சரேகைகளில் கிளம்பும் ராஸ்பி அலைகள் பொதுவாகப் பூமத்திய ரேகையைத் தொடுவதற்கு முன்பே தேய்ந்துவிடும். வலுவான எல் நினோ இருந்த அந்த ஆண்டில் அவை நடுக்கோடு வரை வந்து உடைந்தன. கொண்டுவந்த மேற்கு நோக்கிய விசையை நம் கால்வாய்க்குள் கொட்டிவிட்டுப் போயின.

நூறாண்டில் ஒருமுறை நடக்கும் விபத்து என்று விட்டுவிடலாமா? 2019-20 குளிர்காலத்திலும் அப்படியே நடந்தது. நான்கே ஆண்டு இடைவெளியில் மறுபடி! சனிக்கோளிலும் 2010இன் இறுதியில் வெடித்த மாபெரும் புயல், அதன் 15 ஆண்டுத் தாளத்தைக் குலைத்ததை கசீனி விண்கலம் கண்டது. ஆக, அலைகளால் ஓடும் கடிகாரத்தை, வேறோர் இடத்திலிருந்து வரும் அலைகளால் நிறுத்தவும் முடியும்.

பூமி வெப்பமடைந்தால் இந்தக் காற்று வலுவிழக்கும் என்பது பெரும்பாலான பருவநிலை மாதிரிகள் சொல்வது. தாளம் எவ்வளவு வேகமாகும், எவ்வளவு மெதுவாகும் என்பதில் அவற்றுக்குள் உடன்பாடு இல்லை. வெயிலைத் தணிக்க மேல்வானத்தில் கந்தகத் துகள்களைத் தூவலாம் என்று ஒரு யோசனை பேசப்படுகிறதே, அதற்கும் இங்கே தொடர்பு உண்டு. வெப்பமண்டலத்தில் அதிகம் தூவினால் கியூபிஓ ஒரே திசையில் நீண்ட காலம் சிக்கிக்கொள்ளலாம் என்று மாதிரி ஆய்வு ஒன்று 2014இல் காட்டியது.

அங்கே மாறினால் இங்கே என்ன?

ஐரோப்பியர்கள் இதை உற்றுப் பார்ப்பதற்குக் காரணம் குளிர். மேற்கு நோக்கிய காற்று ஓடும் குளிர்காலங்களில் வடதுருவத்தைச் சுற்றும் காற்றுச் சுழல் பலவீனமாக இருக்கும் வாய்ப்பு அதிகம். அது உடைந்தால் துருவத்துக் குளிர் கீழே வழியும். ஹோல்டனும் டானும் 1980இல் இந்தத் தொடர்பைச் சொன்னார்கள். பிரிட்டனில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்பவர்கள், நம் பலூனின் எண்களையும் கணக்கில் சேர்க்கிறார்கள்.

செயற்கைக்கோளில் பார்த்துக்கொள்ள முடியாதா என்று கேட்கலாம். மற்ற இடங்களில் வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் விண்ணிலிருந்து அளந்தே காற்றின் வேகத்தை ஓரளவு கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்குக்குக் கொரியோலிஸ் வளைவு வேண்டும். அது இல்லாத பூமத்திய ரேகையில் கணக்கு தடுமாறும். 2018 முதல் 2023 வரை பறந்த ஐரோப்பாவின் ஏயோலஸ் செயற்கைக்கோள் காற்றை நேரடியாகவே அளந்தது. இப்போது அது இல்லை. பலூன்கள் இருக்கின்றன.

நமக்கு? இந்தியப் பெருங்கடலில் பிறந்து, நம் வட்டாரத்தைக் கடந்து, பசிபிக் நோக்கி நகரும் ஒரு மாபெரும் மழைக் கூட்டம் உண்டு. எம்ஜேஓ என்பார்கள். 30 முதல் 60 நாளில் ஒரு சுற்று. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் அது நம் மேல் இருந்தால் மழை கூடும், கடந்து போய்விட்டால் குறையும். தென்கொரிய ஆய்வாளர்கள் யூவும் சன்னும் 2016இல் ஒரு தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். மேல்வானக் காற்று மேற்கு நோக்கி ஓடும் ஆண்டுகளில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, எம்ஜேஓ வலுவாக இருக்கிறது. எதிர்த்திசை ஆண்டுகளில் பலவீனம்.

கீழே இருக்கும் மழை மேலே இருக்கும் காற்றை ஆட்டுவது புரிகிறது. மேலே இருக்கும் காற்று கீழே இருக்கும் மழையை எப்படி ஆட்டுகிறது? மேகங்களின் உச்சி முட்டும் அடுக்கு கொஞ்சம் குளிர்ந்தால் மேகம் இன்னும் உயர எழும் என்பது ஒரு விளக்கம். ஆனால் பருவநிலை மாதிரிகளை ஓடவிட்டுப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்தத் தொடர்பு தென்படுவதே இல்லை. அளந்த எண்களில் தெளிவாக இருக்கிறது, கணினிக்குள் காணோம். மாதிரிகளில் எது விடுபட்டிருக்கிறது என்று ஆய்வாளர்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.